18ஆ, 21ஆ? பிள்ளை எப்போது பெரியவர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 27 ஆண்டுகள் கிளார்க்காக வேலை பார்த்தேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் பிள்ளைகளின் வயதை வைத்து வீடுகளில் நடக்கும் சண்டைகள் பாதிக்கு மேல் என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போகும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

அண்ணே, சிங்கப்பூரில் சட்டப்படி பெரியவர் என்றால் 18ஆ, 21ஆ? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டும் சரிதான், தம்பி. குழப்பமே அதில்தான் இருக்கிறது. பொதுவான வயது 21. ஆங்கிலேயர் சட்டத்திலிருந்து நமக்கு வந்தது அது. அவர்களே 1970இல் 18க்கு மாறிவிட்டார்கள், நாம் 21ஐ வைத்துக்கொண்டோம். அப்புறம் 2009 மார்ச் 1 முதல் ஒப்பந்தங்களுக்கு மட்டும் வயதை 18 ஆக்கினார்கள். கைப்பேசித் திட்டம், வேலை ஒப்பந்தம், வாடகை அறை என்று 18 வயதுப் பிள்ளை எதில் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லும். வீடு, நிலம் வாங்குவது விற்பது, மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை போன்ற சிலவற்றுக்கு இன்னும் 21தான். ஓட்டுப் போடவும் உயில் எழுதவும் 21.

ஒரு பையன் 18 முடிந்த சில மாதங்களில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவன் அப்பா எங்களிடம் வந்து, "சின்னப் பிள்ளை சார், செல்லாது என்று ஒரு கடிதம் போடுங்கள்" என்றார். போட முடியவில்லை. அந்த மனிதர் முகம் இன்னும் நினைவிருக்கிறது. யாராவது அந்தப் பையனிடம் ஒரு வருடம் முன்பே இதைச் சொல்லியிருக்கலாம்.

என் மகன் அடுத்த மாதம் தேசிய சேவைக்குப் போகிறான். கையில் துப்பாக்கி கொடுக்கிறார்கள், ஓட்டுரிமை கொடுக்க மாட்டார்களா? இது என்ன நியாயம்?

அம்மா, இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நம் பையன்களுக்கு இது கட்டாயம்: பதினாறரை வயதில் பதிவு, 18இல் சேர்ப்பு, இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை. 18இல் சேரும் பையன்கள் சேவையை முடித்து வெளியே வரும்போதும் 21 ஆகியிருக்காது. ஓட்டுப் போடும் வயதை இந்தியா 1989இல் 18க்கு இறக்கியது. பக்கத்தில் மலேசியா 2019இல் சட்டத்தை மாற்றி 2021 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கொஞ்சம் வேலை பார்த்து, வரி கட்டி, வாழ்க்கையைப் பார்த்த பிறகு ஓட்டுப் போடட்டும் என்பவர்களும் உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இரு என்று 18 வயதில் கேட்டால், நாட்டை யார் நடத்துவது என்பதையும் அதே வயதில் கேட்க வேண்டும்.

மகனோடு ராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்குப் படகில் போவீர்கள். அவன் உறுதிமொழி எடுக்கும்போது பக்கத்தில் இருங்கள். வீடு திரும்பும்போது அழுகை வரும், வரட்டும்.

அங்கிள், எனக்கு 19 வயது. நான் விரும்புகிறவரைப் பதிவுத் திருமணம் செய்ய அப்பா சம்மதிக்கவில்லை. 18 முடிந்தால் போதாதா?

போதாதும்மா. மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டப்படி 18 என்பது குறைந்தபட்ச வயது. 18க்கும் 21க்கும் நடுவில் இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும், திருமணத்துக்கு முந்திய ஆயத்த வகுப்புக்கும் போக வேண்டும். காரணமே இல்லாமல் சம்மதம் மறுக்கப்படுகிறது என்றால் நீதிமன்றத்தை நாட வழி இருக்கிறது. இருந்தாலும் நீ என் பெண்ணாக இருந்தால், இரண்டு வருடம் பொறு என்றுதான் சொல்வேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புது வீட்டுக்கு விண்ணப்பிக்கவும் பொதுவாக 21 ஆக வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் அப்பா அவரை நாலு முறை வீட்டில் பார்க்கட்டும், சேர்ந்து சாப்பிடட்டும்.

மனைவியும் நானும் பிரிந்து 6 வருடம் ஆகிறது. மகளுக்கு 21 ஆகப் போகிறது, பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். இனி மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டியதில்லையே?

அப்படி நினைத்துவிடாதீர்கள். பொதுவாக 21 வரைதான் என்றாலும், பிள்ளை படித்துக்கொண்டிருந்தாலோ முழுநேர தேசிய சேவையில் இருந்தாலோ உடற்குறை, மனநலக் குறை இருந்தாலோ அதற்குப் பிறகும் பராமரிப்புத் தொகை கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். சட்டத்தை விடுங்கள் சார். கடைசி வருடப் படிப்பில் காசை நிறுத்தினால் அந்தப் பெண் அதை வாழ்நாளெல்லாம் மறக்க மாட்டாள்.

சிகரெட், மது, கார் இதற்கெல்லாம் எத்தனை வயது?

மதுவுக்கும் கார் உரிமத்துக்கும் 18. சிகரெட் முன்பு 18. 2019 முதல் வருடத்துக்கு ஒன்றாக ஏற்றி 2021 ஜனவரியில் 21க்குக் கொண்டுவந்தார்கள். சூதாட்டக் கூடத்துக்கும் 21. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சிறுவயதில் பெற்றோருடன் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் 21 ஆனதும், 22 ஆவதற்குள், உறுதிமொழி எடுத்தாக வேண்டும். தவறினால் சிங்கப்பூர்க் குடியுரிமையே கைவிட்டுப் போகலாம்.

எங்கள் காலத்தில் பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் "பெரிய மனுஷி" என்று சடங்கு வைப்போம். இப்போது 21க்கு, வீட்டுச் சாவி கொடுப்பதன் அடையாளமாக, சாவி கேக் வெட்டுகிறார்கள். எதுதான் சரி, தம்பி?

பாட்டிம்மா, இந்தக் கேள்வியை இரண்டு நாளாக யோசித்தேன். என் அக்காவுக்கு 12 வயதில் மஞ்சள் நீராட்டினார்கள். பெரிய மனுஷி என்று ஊரே சொன்னது. ஆனால் அடுத்த நாளிலிருந்து அவளால் மார்க்கெட்டுக்குத் தனியாகப் போக முடியவில்லை. பேர் பெரியது, சுதந்திரம் சின்னது. எனக்கு 21இல் அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய சாவியைக் கொடுத்தார்கள். நிஜமான வீட்டுச் சாவி எனக்கு 14 வயதிலேயே கிடைத்திருந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகும் வரை கிடைக்கவில்லை.

அதனால் என் மகள் விஷயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தோம். 15இல் அடையாள அட்டை எடுத்தாள், அன்றே வீட்டுச் சாவியும் கொடுத்தோம். 16இல் மாதம் 80 வெள்ளி, அதற்குள் பேருந்து, சாப்பாடு எல்லாம் அவள் கணக்கு. முதல் மாதம் 19ஆம் தேதியே காசு தீர்ந்துவிட்டது. நான் கொடுக்கவில்லை. அவள் அம்மா ரகசியமாகக் கொடுத்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். 17இல் மருத்துவரைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்தாள். 21 வந்தபோது கேக் வெட்டினோம், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று புதிதாகக் கொடுக்க எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. சடங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாட்டிம்மா. பேரனுக்குக் கொடுக்கிற சாவியைப் பேத்திக்கும் அதே வயதில் கொடுங்கள், அவ்வளவுதான்.

அண்ணே, எனக்கு 17. பாலிடெக்னிக்கில் படிக்கிறேன், வார இறுதியில் வேலை, சம்பளத்தில் மத்திய சேமநிதிக்கும் பிடிக்கிறார்கள். அப்பா இன்னும் என்னைக் குழந்தையாகவே பார்க்கிறார். நான் பெரியவன் என்று எப்படிக் காட்டுவது?

சத்தம் போட்டுக் காட்ட முடியாது, தம்பி. உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். சேமநிதிப் பணம் உனக்குப் பின் யாருக்குப் போக வேண்டும் என்று நியமனம் செய்ய 16 வயதே போதும். உயிலுக்கு 21 கேட்கிற சட்டம் இதற்கு 16 கேட்கிறது. தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. யார் பெயர், எத்தனை பங்கு என்று நீயே உட்கார்ந்து யோசி, பிறகு அப்பாவிடம் சொல். 21 வயதான இரண்டு சாட்சிகள் வேண்டும். அப்பா பெயரை எழுதினால் அவர் சாட்சியாக இருக்க முடியாது, அதனால் மாமாவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்.