வளையம் விழுந்தால் கோழிக்குஞ்சு

கேள்வி: தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் சாலில் (வரிசையாக ஒற்றை ரூம் வீடுகள் உள்ள குடியிருப்பு) வருஷா வருஷம் பொங்கல் விழா நடக்கும். பிள்ளைகளுக்கு வளையம் எறியும் போட்டி வைப்பார்கள். இந்த முறை டிபன் பாக்ஸ், சோப்பு டப்பாவுக்குப் பதிலாகச் சாயம் போட்ட கோழிக்குஞ்சும், பாலித்தீன் பையில் தங்கமீனும் பரிசு என்று முடிவு செய்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னேன். "ஊர்ல கபடிப் போட்டிக்குக் கிடா கொடுக்கலியா? அலங்காநல்லூர்ல மாடு கொடுக்கலியா? கோழிக்கறி நீயும்தானம்மா சாப்பிடுத?" என்று செயலாளர் அண்ணாச்சி கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. என் பையனே குஞ்சு வேண்டும் என்று குதிக்கிறான். நான்தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனா?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: இல்லை சகோதரி. நீங்கள் கேட்டது நியாயம். அண்ணாச்சியின் கேள்வியிலும் விஷயம் இருக்கிறது, அதனால் அதற்கே முதலில் வருகிறேன்.

ஜல்லிக்கட்டில் நல்ல காளைக்காரருக்குக் கன்றோடு பசு கொடுக்கிறார்கள் என்றால், அந்த மனிதர் வீட்டில் தொழுவம் இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது, மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது என்று தெரிந்த ஆள் இருக்கிறார். பரிசு அறிவிக்கும் முன்பே அந்த வீட்டில் பசுவுக்கு இடம் உண்டு. கபடி ஜெயித்த பையன்களும் ஆடு வளர்த்துப் பழகிய ஊர்க்காரர்கள்தான். அப்படியும், மேளத்துக்கும் மைக் செட்டுக்கும் நடுவே ஒரு கிடாயை நாள் முழுக்க வெயிலில் கட்டிப்போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது இருக்கட்டும்.

உங்கள் சாலில் யாருக்குக் குஞ்சு போகப்போகிறது? யார் எறிந்த வளையம் சரியாக விழுகிறதோ, அந்தப் பிள்ளைக்கு. அந்த வீட்டில் இடம் இருக்கிறதா, பூனை இருக்கிறதா, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பையன் குஞ்சோடு வாசலில் வந்து நிற்கும்போதுதான் அம்மாவுக்கே தெரியும். வேண்டாம் என்றால் பிள்ளை அழும், சரி என்றால் குஞ்சு சாகும். ஓர் உயிரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, அதை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லாத ஒருவர் தலையில் கட்டுவதுதான் இதில் தப்பு.

அந்தக் குஞ்சு ஏன் அவ்வளவு மலிவு என்பதையும் அண்ணாச்சியிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அவை முட்டைக் கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறியும் சட்டென்று வைக்காது என்பதால் பண்ணைக்கு வேண்டாதவை. தாய்க்கோழி இல்லாமல் வளரும் குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வரை சூடு வேண்டும். மும்பையில் தை மாத ராத்திரி 20 டிகிரிக்கும் கீழே போகும். கையில் ரோஸ் சாயம் ஒட்ட ஒட்டப் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு அலையும்போது, அது விடாமல் கீச் கீச்சென்று கத்தும். சந்தோஷத்தில் கத்துகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். குளிர் தாங்காத குஞ்சுதான் அப்படிக் கத்தும்.

மீன் கதையும் இதேதான். தங்கமீனை ஒழுங்காக வளர்த்தால் 10 வருஷத்துக்கு மேல் இருக்கும், ஒரு சாண் நீளத்துக்கு வளரும். குழாயில் வரும் குளோரின் தண்ணீரை அப்படியே ஊற்றினாலோ, சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் அதன் கழிவிலேயே விட்டுவைத்தாலோ சீக்கிரமே செத்துப்போகும்.

கோழிக்கறி சாப்பிடுவது சரியா என்பது தனிக் கேள்வி, அதை நேர்மையாகவே பேசலாம். ஆனால் கறி சாப்பிடுகிறவர் என்பதற்காக, செருப்பு டப்பாவில் ஒரு குஞ்சு குளிரில் விறைத்துச் சாவதற்கு நீங்கள் சம்மதம் கொடுத்துவிட்டதாக ஆகாது.

சட்டம் என்று பார்த்தால், 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் பரிசாகக் கொடுப்பதைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு இல்லை. வளர்ப்புப் பிராணிக்குப் போதிய தீனி, தண்ணீர், தங்க இடம் கொடுக்காதது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் 2006-இல் வந்த சட்டப்படி, பெரியவர் துணையில்லாத 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பிராணியைப் பரிசாகக் கொடுக்கக்கூடாது. நம்மிடம் அப்படி இல்லாததால், சட்டத்தைக் காட்டி அண்ணாச்சியை நிறுத்த முடியாது. பேசித்தான் ஆகவேண்டும்.

கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், அவருக்குக் கௌரவப் பிரச்சினையாகிவிடும். இரண்டு மூன்று அம்மாக்களோடு வீட்டுக்கே போய், "அண்ணாச்சி, ஜெயிச்சா இத வளர்க்கச் சம்மதமான்னு மொதல்ல வீடு வீடா கேட்டுடலாமே" என்று சொல்லுங்கள். பத்துக்குப் பத்து ரூமில் நாலைந்து பேர் இருக்கிற வீடுகளில் என்ன பதில் வரும் என்று அவருக்கே தெரியும். கையோடு மாற்றுப் பரிசும் சொல்லிவிடுங்கள்: பம்பரம், ஸ்கிப்பிங் கயிறு, கிரிக்கெட் பந்து, கலர் பென்சில். சங்கராந்தி சமயம் என்று பட்டமும் மாஞ்சா நூலும் மட்டும் வேண்டாம், அது பறவைகளின் இறக்கையை அறுத்துவிடும். குஞ்சுக்குப் பதில் கிளி கொடுக்கலாமே என்று யாராவது கிளம்பினால், நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் அடைத்து வளர்ப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிடுங்கள்.

பையனிடம் வெறுமனே கூடாது என்று சொல்லாதீர்கள். அது சேவலாகி விடியற்காலையில் கூவினால் பக்கத்து ரூம்காரர் என்ன சொல்வார், நாம் ஊருக்குப் போனால் யார் தீனி வைப்பார் என்று அவனையே யோசிக்க விடுங்கள்.

ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டார்களென்றால், குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே சூடு தரும் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். பெட்டியின் ஒரு பக்கம் கொஞ்சம் குளுமையாக இருக்கட்டும், சூடு அதிகமானால் ஒதுங்கிக்கொள்ளும். ஆழமில்லாத தட்டில் தண்ணீர், குஞ்சுத் தீவனம் வையுங்கள். மீனுக்கு ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீர் வேண்டும். மித்தி ஆற்றிலோ ஏரியிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். குஞ்சு சோர்ந்து படுத்தால் காத்திருக்க வேண்டாம், பரேலில் இருக்கும் பாய் சகர்பாய் பிராணிகள் மருத்துவமனைக்கு உடனே எடுத்துப் போங்கள்.