மூன்று மாதம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்

கேள்வி: பினாங்கு, தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் எனக்குச் சொந்த வீடு. ஒட்டியுள்ள மேட்டு நிலத்தில் அடுக்குமாடி கட்ட ஊராட்சி மன்றம் திட்டமிடல் அனுமதி கொடுத்துவிட்டது. நோட்டீஸ் வந்ததும் 21 நாள் கெடுவுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்கும் அழைத்தார்கள், ஆனால் மேம்பாட்டாளரின் வடிகால் அறிக்கையை எங்கள் கண்ணில் காட்டவே இல்லை. முடிவுக் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. "மேல்முறையீடு வீண் வேலை. கோலாலம்பூர் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்டுவதை எதிர்த்த மக்களைப் போல நேராக உயர்நீதிமன்றத்துக்குப் போங்கள், மூன்று மாதம் இருக்கிறது" என்கிறார் தெரிந்தவர். என்ன செய்யட்டும்?

பதில்: சீராய்வு மனுவுக்கு, அதாவது முடிவு எடுக்கப்பட்ட விதம் சட்டப்படி சரியா என்று பார்க்கும்படி உயர்நீதிமன்றத்தைக் கேட்பதற்கு, மூன்று மாதம் என்பது சரிதான். ஆனால் உங்களை முதலில் நெருக்குவது வேறொரு கெடு. நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976, பிரிவு 23-இன்படி, முறையாக ஆட்சேபித்த அண்டை நில உரிமையாளர் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள். அதில் உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரு வாரத்துச் சொச்சம்.

அதைக் கோட்டைவிட்டு உயர்நீதிமன்றம் போனால், சீராய்வுக்கு அனுமதி கேட்கும் கட்டத்திலேயே "சட்டம் தந்த மேல்முறையீட்டை ஏன் பயன்படுத்தவில்லை?" என்று எதிர்த்தரப்பு மடக்கும். 1987-இல் வெளியான ஜக்டிஸ் சிங் வழக்குத் தீர்ப்பு இதில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அது ஒரு வருமான வரி வழக்கு. மேல்முறையீட்டுக்கு வழி இருக்கும்போது நீதிமன்றம் சாதாரணமாகத் தலையிடாது; அதிகாரமே இல்லாமல் முடிவெடுத்தது, சட்டக் கடமையை அப்பட்டமாக மீறியது, இயற்கை நீதியை (பாதிக்கப்படுபவரின் பக்கத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும் என்ற நெறியை) கடுமையாக மீறியது போன்றவை மட்டுமே விதிவிலக்கு.

உங்கள் வடிகால் அறிக்கை இரண்டு பக்கமும் பொருந்தும் விஷயம். அறிக்கையைக் காட்டாமல் விசாரித்தது நியாயமான விசாரணையா என்பது சீராய்வுக்குரிய கேள்வி. மழைநீர் உங்கள் வீட்டுப் பக்கம் இறங்குமா, இத்தனை மாடி அங்கே தகுமா என்பவை வாரியத்துக்குரியவை. சீராய்வு நீதிபதி பொதுவாக அவற்றுக்குள் போகமாட்டார். வாரியத்திலோ இரண்டையும் சேர்த்தே வாதாடலாம். உங்களுக்கு உண்மையில் உறுத்துவது அந்தத் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். ஆகவே வாரியத்துக்கே போங்கள்.

ரிம்பா கியாரா உதாரணம் உங்களுக்கு உதவாது. கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம், 1982-ஆம் ஆண்டினுடையது. உங்களுக்கு உள்ள மேல்முறையீட்டு உரிமை அதில் அண்டை வீட்டாருக்கு இல்லை. அவர்கள் நீதிமன்றம் போனது வேறு வழியில்லாமல். 2017-இல் தொடங்கி, உயர்நீதிமன்றத்தில் தோற்று, நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் இறுதி வெற்றி கிடைத்தபோது 2023 ஆகிவிட்டது. தெரிந்தவர் அந்தக் கணக்கையும் சொன்னாரா?

வாரியத்தில் தோற்றால்? அதன் முடிவே இறுதியானது, எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கமுடியாது என்று பிரிவு 36 சொல்கிறது. பயப்பட வேண்டாம். நீதிமன்றங்களின் சீராய்வு அதிகாரத்தை இப்படிப் பறித்துவிட முடியாது என்பதை 2018-இல், தன் பிள்ளைகளின் மதமாற்றத்தை எதிர்த்த இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. வாரியத்தின் முடிவை எதிர்த்துச் சீராய்வுக்குப் போகலாம். அதற்கான மூன்று மாதம் அப்போது புதிதாகத் தொடங்கும்.

வாரியத்தில் கட்டுமான வேலையை நிறுத்திவைக்கும் உத்தரவைத் தனியாகக் கேட்க மறக்காதீர்கள். சீராய்வு மனுவிலும் இதே கதைதான். சீராய்வுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்பதாலேயே புல்டோசர் நிற்காது. ஆட்சேபக் கடிதம், அதைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, முடிவுக் கடிதம் வந்த உறை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே திட்டமிடல் வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞரைப் பாருங்கள். உறையைத் தூக்கி எறிந்திருந்தால், கடிதம் என்று கைக்கு வந்தது என்பதை இன்றே எழுதி வையுங்கள்.