நீர்காத்தானுக்காக அழுதவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பர்மாவில், மோல்மேன் நகரில், கோவில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 12 வயதிலிருந்து 16 வயது வரை உள்ள பிள்ளைகள். பாடப் புத்தகத்தில் அவர்களுக்குச் சீக்கிரம் சலிப்புத் தட்டிவிடுகிறது. அதனால் இந்த வருடம் வகுப்பு முடிகிற நேரத்தில் தினமும் உங்கள் மாயக்கதைத் தொடரிலிருந்து ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டினேன். முதல் பாகம் முடிந்துவிட்டது.

இப்போது வகுப்பு மொத்தமும் கதையின் வில்லன் நீர்காத்தான் கட்சி. அரசன் ஏரி வெட்டுவதற்காக அவன் ஊரை மூழ்கடித்ததையும், அவன் அம்மா வீட்டைவிட்டு வர மறுத்து உள்ளேயே இருந்துவிட்டதையும் வாசித்த அன்று இரண்டு பெண்பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். ஆனால் அதே நீர்காத்தான் ராத்திரியோடு ராத்திரியாக மதகைத் திறந்து கீழூரை அழித்தபோது கைதட்டினார்கள். நோட்டு அட்டைகளில் எல்லாம் அவன் படம்தான். நாயகன் இளமாறனைப் பற்றிக் கேட்டால், "நல்லவன்தான் டீச்சர், அதுக்கென்ன இப்போ?" என்கிறார்கள்.

வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பையன் மட்டும், "வழியில தண்ணிப் பானை நிரப்பி வைக்குமே ஒரு பொண்ணு, அது என்ன ஆச்சு?" என்று கேட்டான். மற்றவர்களுக்கு அப்படி ஒரு பெண் கதையில் வந்ததே நினைவில்லை.

கெட்டவன்மேல் இவ்வளவு இரக்கம் வரும்படி எழுதலாமா ஐயா? பிள்ளைகளுக்குச் சரி எது, தப்பு எது என்று குழம்பிவிடாதா? மாயக்கதை என்றாலும் கடைசியில் நாயகன்தானே மனதில் நிற்க வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகி, மோல்மேன்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். முதலில் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் இறந்துவிட்டாள். கதையில் அதை நான் நேராகச் சொல்லவில்லை. வெள்ளம் வடிந்த காலையில், பாதையோரப் பலகையில் இருந்த பானை சேற்றில் கவிழ்ந்து கிடந்தது என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். நம் நாட்டில் எந்தப் பக்கம் போனாலும் வழிப்போக்கர்களுக்கென்று மூடி போட்ட தண்ணீர்ப் பானையும் பக்கத்தில் ஒரு குவளையும் பார்க்கிறோம். புண்ணியம் என்று வைக்கிறார்கள். ஆனால் யாரோ ஒருவர் காலையில் எழுந்து, பழைய தண்ணீரைக் கொட்டி, உள்ளே படிந்த பாசியைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்ப வேண்டும். கீழூரில் அது அவளுடைய வேலை. உங்கள் மாணவன் பானையைக் கேட்டதும் அதை நிரப்புகிறவளையும் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறான். எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வாசகன் கிடைப்பது பெரிய விஷயம்.

மற்றப் பிள்ளைகள் அவளை மறந்ததற்காக அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீர்காத்தானின் அம்மா சாகும் இடத்துக்கு நான் 11 பக்கம் கொடுத்திருக்கிறேன். அவள் அடுப்பை அணைக்க மாட்டேன் என்கிறாள். தண்ணீர் வாசற்படி ஏறும்போது அரிசிப் பானையைப் பரணில் தூக்கி வைக்கிறாள். மகன் படகில் நின்று கெஞ்சுகிறான். கீழூர் அழிவதற்கோ அரைப் பக்கம். தெரிந்தேதான் அப்படி எழுதினேன். அந்தப் பகுதி முழுக்க நீர்காத்தான் பார்ப்பதை மட்டுமே கதை பார்க்கிறது. மதகைத் திறந்தவன் திரும்பிப் பார்க்காமல் மலையேறிவிடுகிறான். அவன் பார்க்காததை வாசகனும் பார்ப்பதில்லை. நியாயம் எந்தப் பக்கமோ இரக்கமும் அந்தப் பக்கம் போகும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் பார்த்தவரை, கதை யார் வீட்டில் அதிக நேரம் தங்குகிறதோ அவர் பக்கம்தான் இரக்கம் போகிறது.

கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் விடப்பட்ட பெட்டி, தேரோட்டி வீடு, குருவின் சாபம், கவசத்தை அறுத்துக் கொடுத்தது என்று அவன் வாழ்க்கை முழுவதும் நமக்கு மனப்பாடம். வியாச பாரதத்தில், சபை நடுவே திரௌபதியின் ஆடையைப் பறிக்கச் சொல்லித் துச்சாதனனை ஏவியவனும் இதே கர்ணன்தான். அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கர்ணனுக்காக அழுகிற தமிழர்கள் கெட்டுப்போய்விட்டார்களா என்றால், இல்லை. பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் ஒரு ராத்திரி கர்ண மோட்சம் ஆடுவார்கள். போருக்குக் கிளம்பும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதே திருவிழாவில், துரியோதனன் வீழ்வதை நடிக்கும் படுகளம் முடிந்ததும், திரௌபதி அம்மனுக்காக, அழுத அதே சனம்தான் தீயில் இறங்குகிறது. அவனுக்காக அழுததால் அவளை விட்டுவிடவில்லை. அவளுக்கும் அந்த மேடையில் குரல் இருக்கிறது, விரித்த கூந்தல் இருக்கிறது, சபதம் இருக்கிறது. கீழூர்ப் பெண்ணுக்கு முதல் பாகத்தில் இவை எதுவும் கிடையாது. உங்கள் வகுப்பில் நடந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபெக்கா கிராஸ், டெரெக் ரக்கர் இருவரும் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிஜ வாழ்க்கையில் ஒரு கெட்டவன் நம்மைப் போலவே இருக்கிறான் என்று தெரிந்தால் நமக்குப் பிடிப்பதில்லை, விலகிப் போகிறோம். கதையில் வருகிற கெட்டவன் என்றால், நம் சாயல் உள்ளவனிடமே அதிகம் ஒட்டிக்கொள்கிறோம். இது கதைதான் என்ற பாதுகாப்பு இருப்பதால் அந்தச் சாயல் நம்மைச் சுடுவதில்லை என்பது அவர்கள் கண்டது.

சரி, மோல்மேன் பிள்ளைகள் நீர்காத்தானிடம் எந்தச் சாயலைப் பார்த்திருப்பார்கள்? பர்மாத் தமிழர் வீடுகளில் இழந்த கதை இல்லாத வீடு உண்டா? 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது காடும் மலையும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தவர்கள், வழியிலேயே செத்தவர்கள். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரே நாளில் கையில் இருந்தது காகிதமாகிப் போனது. கப்பலேறிப் போனவர்கள் போக, மிச்சம் இருந்தவர்களின் பேரப் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரைப் பறிகொடுத்த ஒருவன் அரசனைத் திருப்பி அடிக்கிறான் என்று கேட்டதும் அவர்கள் கைதட்டியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பாட்டி சொல்லும்போது யாரும் திருப்பி அடிக்காத கதை அது.

ஆனால் அந்தப் பாட்டி, தாத்தாக்கள் யாருடைய ஊரையும் மூழ்கடிக்கவில்லை. கடை போனபிறகு தலையில் கூடை சுமந்து விற்றார்கள், வயலில் இறங்கினார்கள், பூட்டிய பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகக் கோவில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து அ, ஆ சொல்லிக்கொடுத்தார்கள். அதே இழப்பு, அதே கோபம், ஆனால் செய்தது வேறு. வகுப்பில் இதை நீங்கள் சொல்லலாம். நான் சொன்னால் எழுத்தாளர் சொன்னதாகிவிடும், நீங்கள் சொன்னால் அவர்கள் வீட்டுக் கதையாக இருக்கும்.

இரக்கம் காட்டினால் சரி தப்பு குழம்பிவிடும் என்று பயப்படுகிறீர்கள். அதற்கு நம் பக்கத்து வீடுகளையே பாருங்கள். பர்மியர் வீட்டில் சிவப்புத் துணி சுற்றித் தொங்குகிற தேங்காய், 'நாட்' என்று அவர்கள் கும்பிடும் ஆவித் தெய்வங்களில் மகாகிரி என்பவருக்கு உரியது. 37 நாட் தெய்வங்களில் ஒருவரான அவர் தகாவுங் ஊர்க் கொல்லர். பெயர் ங டின் டே. அவருடைய பலத்தைக் கண்டு பயந்த அரசன், அவர் தங்கையை ராணியாக்கி, அந்த உறவைக் காட்டியே அவரை வரவழைத்து, சண்பக மரத்தில் கட்டி உயிரோடு எரித்தான். தங்கையும் நெருப்பில் குதித்தாள். இது வரைக்கும் கேட்டால் அவர் அப்பாவி. கதை அங்கே நிற்பதில்லை. செத்த இருவரும் அந்த மரத்திலேயே தங்கி, நிழலுக்கு ஒதுங்கியவர்களையெல்லாம் கொன்றார்கள். ஒதுங்கியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? மரத்தை வெட்டி ஐராவதியில் விட்டார்கள்; அது பகானில் கரை ஒதுங்கியது. அங்கிருந்த அரசன் அந்தக் கட்டையில் இருவருக்கும் உருவம் செதுக்கி, போப்பா மலையில் இடம் கொடுத்தான். எரிந்த உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான் வீட்டில் தேங்காய் வைக்கிறார்கள். அவருக்கு நடந்தது அநியாயம், அவர் செய்ததும் அநியாயம். இரண்டையும் மறைக்காமல் சொல்லிக்கொண்டே கும்பிடுகிறார்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனையும் கழுவில் ஏறிய காத்தவராயனையும் கும்பிடுகிற நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. உங்கள் பிள்ளைகள் இந்த இரண்டு மரபுக்கும் நடுவில் வளர்கிறவர்கள். நீர்காத்தானை நேசித்ததால் கெட்டுப்போக மாட்டார்கள். கீழூரை அவர்கள் மறந்தால்தான் எனக்குக் கவலை.

இனி இளமாறன். "நல்லவன்தான், அதுக்கென்ன" என்பது நியாயமான விமர்சனம். மாயக்கதைகளில் நாயகனுக்கு எல்லாம் முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கும். அசரீரி சொல்லும், தோளில் மச்சம் இருக்கும், மந்திர வாள் அவன் கைக்கு மட்டும் வரும். ஜெயிப்பான் என்று தெரிந்தவன்மேல் எதற்குக் கவலைப்படுவது? வில்லனுக்கு அந்த வசதி இல்லை. அவன் வேண்டியதை அவனே சம்பாதிக்க வேண்டும், விலையும் கொடுக்க வேண்டும். அதனால் வாசகன் கண் அவன்மேலேயே இருக்கிறது.

நாயகன் எப்போது உயிர் பெறுகிறான் என்பதைக் கம்பனிடம்தான் கற்றுக்கொண்டேன். போர்க்களத்தில் ஆயுதம் இல்லாமல் நிற்கும் இராவணனிடம் இன்று போய் நாளை வா என்று இராமன் சொல்லும் இடம் அழகு, சந்தேகமில்லை. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் படிப்பது வாலி வதத்தை. மார்பில் தைத்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் இராமன் பெயரைப் பார்க்கிறான் வாலி. அப்புறம் கேட்கிறான் பாருங்கள், ஒவ்வொன்றும் பதில் சொல்ல முடியாத கேள்வி. மறைந்து நின்று ஏன் அடித்தாய், உனக்கு நான் என்ன செய்தேன் என்று சாகிறவன் கேட்க, இராமன் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பன் விழாப் பட்டிமன்றங்களில் இன்றும் இந்த வழக்கு முடியவில்லை. கம்பன் வாலியைச் சின்னவனாக்கி இராமனைக் காப்பாற்றவில்லை. வாலியைப் பேசவிட்டு, இராமனை அங்கே நிற்கவைத்தான்.

அனவ்ரதா மன்னன் கதையும் எனக்கு அப்படித்தான். பகான் பேரரசை எழுப்பியவன், பர்மாவின் பெருநாயகன். தௌங்பியோனில் அவன் கட்டிய பகோடாவுக்குச் செங்கல் கொண்டுவரத் தவறிய அண்ணன் தம்பி இருவருக்கு மரண தண்டனை கொடுத்தான். அவர்கள் வைக்காத இரண்டு செங்கலின் இடம் சுவரில் காலியாகவே விடப்பட்டிருக்கிறது. ஆகஸ்ட் மாதத் திருவிழாவுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்கள் கும்பிடுவது தண்டிக்கப்பட்ட அந்த இருவரைத்தான். அதற்காக அனவ்ரதாவின் பெருமையை யாரும் குறைத்துப் பேசுவதும் இல்லை.

இளமாறன் சாப்பிடுவது நீர்காத்தானின் ஊரை மூழ்கடித்த அரசனின் சோறு. முதல் பாகத்தில் இதை அவன் யோசிக்கவே இல்லை. யாரும் அவனிடம் கேட்கவும் இல்லை. இரண்டாம் பாகத்தில் நீர்காத்தானே கேட்பான். அதற்கு இளமாறன் சொல்லப்போகும் பதிலைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். சுலபமாக வரவில்லை, வரக் கூடாது என்றும் நினைக்கிறேன். கீழூரில் பிழைத்தவர்களும் வருவார்கள், அவர்கள் வீட்டில் கதை நிறைய நேரம் தங்கும்.

அதுவரை உங்களுக்கு ஒரு யோசனை. நோட்டு அட்டைப் படங்களை அழிக்கச் சொல்லாதீர்கள். நீர்காத்தான் கெட்டவன் என்று பாடம் நடத்தவும் வேண்டாம். மதகு திறந்த அந்த ராத்திரியை, பானை நிரப்பும் பெண்ணின் வீட்டுக்குள் இருந்து எழுதச் சொல்லுங்கள். அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை, பிள்ளைகளே வைக்கட்டும். அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், ராத்திரி என்ன சமைத்தார்கள், தண்ணீர்ச் சத்தத்தை முதலில் கேட்டது யார் என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்ல வேண்டும். கேள்வி கேட்ட பையனை முதலில் வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள், கூச்சப்படுவான். நடுவில் ஒருவனாக வாசிக்கட்டும். எழுதியதை எனக்கு அனுப்பிவையுங்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் படித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
யாங்கோனிலிருந்து