கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னால் சுற்றியிருக்கும் பக்தர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், 1995இல் போரால் நடந்த இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்தவர்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பதை ஏறக்குறைய இருபது வருடமாக யாரிடமும் மறைத்ததில்லை. இத்தனை வருடத்தில் கடவுள் உண்டா இல்லையா என்று உட்கார்ந்து வாதாடியவர்களை விரல் விட்டு எண்ணலாம். மற்ற எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "உனக்கு என்ன நடந்தது?"

அதாவது கோபத்தை விட இரக்கம்தான் அதிகம் வரும், அதற்கு நீங்கள் தயாராக இருங்கள். எங்கேயோ அடிபட்டிருக்கிறான், காதல் முறிந்துவிட்டது, பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டான், கெட்ட சகவாசம் என்று ஒரு காரணத்தைத் தேடிப் பிடிப்பார்கள். என் பெரியம்மாவுக்கு அது இடப்பெயர்வு. "அந்தச் சின்ன வயசில கண்டதெல்லாம் பிள்ளையின்ர மனசைக் கெடுத்துப்போட்டுது" என்று இப்போதும் சொல்வார். ஆனால் அந்த இரவில் மழையில் சாவகச்சேரிப் பக்கம் நடந்த சனம் முழுக்க முருகா முருகா என்றுதான் நடந்தது, எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு பக்தி கூடியதே தவிரக் குறையவில்லை. எனக்குச் சாமியோடு ஒரு கோபமும் இல்லை, கோபப்படுவதற்கு அங்கே ஒருவர் இருக்கிறார் என்று முதலில் நம்ப வேண்டுமே. உயர்தரம் (பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகள்) படிக்கும்போது நம்பிக்கை மெல்ல மெல்ல விட்டுப்போனது, அவ்வளவுதான். இங்கே அதற்கு முந்திய சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாய பாடம், நான் சைவநெறிக்கு ஏ எடுத்தவன், தேவாரம் இன்றைக்கும் பிழையில்லாமல் வரும். இதுதான் உறவினருக்கு இன்னும் விளங்காத விஷயம்: இவ்வளவு வடிவாகப் பாடுகிற பிள்ளை எப்படி நம்பாமல் இருக்க முடியும்?

மற்ற மதத்தவர்கள் எடுத்துக்கொள்வது வேறு மாதிரி. வேலை செய்யும் இடத்தில் ஒரு பௌத்த நண்பர், புத்தரும் உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவரை ஒத்துக்கொள்ளவில்லையே, அப்போ நீயும் எங்கள் ஆள்தான் என்று சந்தோஷப்பட்டார். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கட வீட்டில நான் இப்பிடிச் சொன்னா என்ன நடக்குமெண்டு யோசிச்சுப் பார்த்தன்" என்றார். அது மிரட்டல் இல்லை, தன் வீட்டை நினைத்துத்தான் சொன்னார். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க சிநேகிதி ஒருவர் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனால் எனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார், முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கொளுத்துவார்.

2019 ஏப்ரல் 21இல் அந்தக் கோயிலிலும் குண்டு வெடித்தது. அன்று அவர் வீட்டார் பிந்திப் போனபடியால் தப்பினார்கள், பக்கத்து வீட்டில் இருவர் தப்பவில்லை. சில நாள் கழித்துப் பார்க்கப் போனபோது "அந்தோனியார்தான் காப்பாத்தினவர்" என்று கையைப் பிடித்து அழுதார். அப்போ பக்கத்து வீட்டை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி எனக்குள் வந்தது உண்மை. கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை, கேட்காததை நினைத்து ஒரு நாளும் வருந்தியதில்லை. நம்பிக்கை இல்லை என்று சொல்வது வேறு, அழுகிற ஆளிடம் கணக்குக் கேட்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் இருபது வயதில் சிலரைக் காயப்படுத்தியிருக்கிறேன், அதற்கு இப்போதும் மனம் வருந்துகிறது.

கொழும்புக்கு நாத்திகம் புதிதில்லை. பகுத்தறிவுவாதி ஏபிரகாம் கோவூர் இருந்தது எங்களுக்குப் பக்கத்துப் பாமன்கடையில்தான். கேரளத்தில் பிறந்து 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குப் படிப்பிக்க வந்து, பிறகு கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அற்புத சக்தி உண்டு என்று மோசடி இல்லாமல் நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார், 1978இல் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க எழுதிவைத்தார். என் அப்பா கடைசிவரை திருநீறு பூசாமல் வெளியே போகாதவர், ஆனால் கோவூர் மாஸ்டர் என்று மரியாதையாகத்தான் சொல்வார். ஊரிலுள்ள ஒரு மாஸ்டர் நம்பாவிட்டால் சனம் தாங்கிக்கொள்ளும். சொந்த மகன் என்றால் அப்படி முடிவதில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது, 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சிந்தனைச் சுதந்திரமும் மனச்சாட்சிச் சுதந்திரமும் தருகிறது. அதனால் நான் நம்பவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் 2019இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியல் சிறையில் இருந்தார், பௌத்தத்தை அவமதித்தார் என்று பிக்குகள் முறைப்பாடு செய்தார்கள். அதனால் எழுதும்போது கவனம். பயந்து வாயை மூடச் சொல்லவில்லை, எதை எங்கே எழுதுகிறீர்கள் என்று தெரிந்து எழுதுங்கள்.

சரி, வீட்டு விஷயம். நான் சொன்ன புதிதில் அப்பா இரண்டு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அம்மா ஒரு நாள் இரவு சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டார்: "நீ கும்பிடாட்டிப் பரவாயில்லையடா, எங்களுக்குக் கொள்ளி வைப்பாய்தானே?" அந்த ஒரு கேள்வியில்தான் இவர்கள் இவ்வளவு நாளும் எதற்குப் பயந்தார்கள் என்று எனக்கு விளங்கியது. நான் சாமியை விட்டதை அவர்கள் தங்களை விட்டதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். வைப்பேன் அம்மா என்றேன்.

அப்பா போனபோது மலர்ச்சாலையில் (இறந்தவரின் உடலை வைக்கும் இடம்) வைத்துக் கிரியை நடந்தது. ஐயர் சொன்னதையெல்லாம் செய்தேன், உலக்கை பிடித்துச் சுண்ணம் இடித்தேன், அப்போது பாடும் திருவாசகப் பொற்சுண்ணத்தைப் பாட வந்தவர் இடையில் தடுமாறியபோது அடுத்த வரியை நான் எடுத்துக் கொடுத்தேன், பொரளைக் கனத்தை மயானத்தில் கொள்ளி வைத்தேன். அப்பாவுக்குப் பிடித்த பாட்டு, அப்பா கேட்டுக்கொண்ட முறை, அதனால் செய்தேன். ஆனால் செத்தவீட்டிலேயே சித்தப்பா என் தோளில் தட்டி "பார்த்தியா, உள்ளுக்குள்ள நம்பிக்கை இருக்கு" என்றார். எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், ஒன்றும் இந்த அளவுக்கு வலித்ததில்லை. அப்பாவுக்காக நான் செய்ததைக்கூட அவர்கள் கடவுள் கணக்கில் எழுதிவிட்டார்கள். பதில் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அம்மாதான் முந்திக்கொண்டார்: "அவன் தேப்பனுக்குச் செய்தவன், விடுங்கோ."

அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு, வருடா வருடம் திவசம் செய்ய என்னால் ஏலாது என்று அம்மாவிடம் சொன்னேன். அழுதார். அப்புறம் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். அந்தத் திதியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நான் மத்தியானச் சாப்பாடு கொடுக்கிறேன், பின்னேரம் அம்மாவைப் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் வெளியே செருப்பு வைக்கும் இடத்தில் நிற்பேன். உள்ளே ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் அம்மா என் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன்.