ஏபிஏஆர்: 'நன்று' போட்டால் சும்மா விடலாமா?

மத்திய அரசு ஊழியர்களின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை (ஏபிஏஆர்) பற்றிய கேள்விகளுக்கு, எஸ்டாபிளிஷ்மென்ட் (பணியாளர் விவகாரப்) பிரிவிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

எனக்கு 10-க்கு 5.8 போட்டிருக்கிறார்கள். 'நன்று'தானே, விட்டுவிடலாமா சார்?

விடாதீர்கள். 6-ஐத் தொட்டால்தான் 'மிக நன்று'. பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்கு 10, 20, 30 ஆண்டுகளில் வரும் சம்பள நிலை உயர்வான எம்ஏசிபி-க்கு 25.7.2016 முதல் அதைத்தான் கேட்கிறார்கள். தேவ் தத் வழக்கும் இதேதான். அவர் எல்லைச் சாலைகள் அமைப்பில் செயற்பொறியாளர். பதவி உயர்வுக்கு ஐந்து ஆண்டும் 'மிக நன்று' வேண்டும். 1993-94-ல் மட்டும் 'நன்று'. அது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. எந்த மதிப்பீடானாலும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2008-09 முதல் முழு அறிக்கையும் நம் கைக்கு வருவது அதனால்தான்.

அறிக்கை கிடைத்த 15 நாளுக்குள் முறையீடு கொடுங்கள். 'அநியாயம்' என்று புலம்பினால் எடுபடாது. எந்தக் கலத்தில் எவ்வளவு குறைத்தார்கள், அதற்கு எதிராக உங்களிடம் என்ன ஆதாரம் என்று எழுதுங்கள்.

சுயமதிப்பீட்டில் என்ன எழுதுவது?

'ஒதுக்கிய பணிகளைச் செவ்வனே செய்தேன்' என்பதை மட்டும் எழுதாதீர்கள். அதை வைத்து யார் மார்க் போடுவார்? 'ஏப்ரலில் 140 ஓய்வூதியக் கோப்புகள் நிலுவை, மார்ச்சில் 12, அந்த 12-ம் தணிக்கை ஆட்சேபத்தில்' என்கிற மாதிரி எழுதுங்கள். வேலையின் அளவுக்கும் தரத்துக்கும் மட்டுமே 40 சதவீதம். ஆள் பற்றாக்குறை இருந்தால் அதையும் சேருங்கள்.

நான் புதிதாக ரிப்போர்ட்டிங் அதிகாரி (கீழே வேலை பார்ப்பவர்களுக்கு அறிக்கை எழுதுபவர்). எல்லோருக்கும் 9 போட்டால் வம்பில்லையே?

அப்புறம்தான் வம்பே! 9, 10 போட்டாலும் 1, 2 போட்டாலும் பென் பிக்சரில் (ஊழியரைப் பற்றி எழுத்தில் தரும் சுருக்கமான மதிப்பீடு) காரணம் காட்ட வேண்டும். வேலை செய்யாதவருக்கு 9 போட்டுவிட்டு, பிறகு அவர்மீது நடவடிக்கைக்குப் போனால் உங்கள் கையெழுத்தே அவருக்குச் சாட்சி. குறை கண்டால் அந்த வருடத்திலேயே மெமோ கொடுத்து, பதிலையும் கோப்பில் வையுங்கள். நேர்மையில் சந்தேகம் என்றால் அந்தக் கலத்தை நிரப்பாமல் தனியாக ரகசியக் குறிப்பு எழுதுங்கள். குறைந்தது 3 மாதமாவது உங்களிடம் வேலை பார்த்தவருக்குத்தான் எழுதலாம்.

எனக்கு வயது 54. முன்கூட்டியே ஓய்வு கொடுக்கும் 56(ஜே) விதியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ?

ஒரு வருட மார்க்கை வைத்து அனுப்ப மாட்டார்கள் மேடம். முழுப் பணிப்பதிவையும் பார்ப்பார்கள். நேர்மையில் சந்தேகம் அல்லது திறமையின்மைதான் காரணமாக இருக்க வேண்டும்.

என் அதிகாரி ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார். அறிக்கை அவர் மேஜையிலேயே கிடக்கிறது.

ஓய்வு பெற்று ஒரு மாதம் வரை எழுதலாம். அதற்குள் நேரில் போய் நினைவுபடுத்துங்கள்.