விரல் குட்டையாக இருந்தால் பேஸ் கிட்டார் வாசிக்க முடியுமா?

தாராளமாக வாசிக்கலாம். ஒரு ஃப்ரெட்டுக்கு (நெக் எனும் நீண்ட கழுத்துப் பகுதியில் இரண்டு உலோகக் கம்பிகளுக்கு நடுவே உள்ள கட்டம்) ஒரு விரல் என்பார்கள். முதல் நாலு ஃப்ரெட்டில் அப்படிப் பிடிக்கப் பெரிய கை உள்ளவர்களே திணறுவார்கள். அங்கே டபுள் பேஸ் (வயலின் போன்ற, ஆள் உயரக் கருவி) வாசிப்பவர்களின் வழிதான் கைகொடுக்கும்: ஆட்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து ஒரே விரலாக. ஆக மூன்று ஃப்ரெட். நாலாவது வேண்டுமென்றால் விரலை இழுக்காதீர்கள், கையையே நகர்த்துங்கள். கிட்டாரின் உடலை நோக்கி மேலே போகப் போக ஃப்ரெட்டுகளின் இடைவெளி குறையும், அங்கே நாலு விரலும் தாராளமாக எட்டும்.

பெருவிரலையும் கவனியுங்கள். அது நெக்கின் மேல்விளிம்பில் தொங்கினால் சுண்டுவிரல் எட்டாது. பின்பக்கம் நடுவிரலுக்கு எதிரே வையுங்கள். ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டுங்கள். ஸ்டைலாக இருக்காதுதான், ஆனால் மணிக்கட்டு அதிகம் மடங்காது. வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் ஸ்கேல், அதாவது கம்பியின் அதிரும் நீளம், வழக்கமான 34 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குலமாக உள்ள ஷார்ட் ஸ்கேல் பேஸை வாசித்துப் பாருங்கள். பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் பேஸ் அந்த அளவுதான். ஃபெண்டர் மஸ்டாங் பேஸும் அப்படியே. முதல் ஃப்ரெட்டின் நீளம் 34-இல் சுமார் 48 மி.மீ., 30-இல் 43. அந்த 5 மி.மீ. கைக்கு நன்றாகவே தெரியும். ஷார்ட் ஸ்கேலில் ஈ (E) கம்பி, அதாவது மிகத் தடித்த கம்பி, மட்டும் சற்றுத் தொளதொளவென்று இருக்கும்; இன்னும் தடித்த கம்பி போட்டால் சரியாகிவிடும்.