பேஸ் கிற்றார் வாங்குமுன்: பிக்அப் கடைசி, நெக் முதல்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்யாண வீடுகளிலும் மாதாகோயில் பாட்டுக்குழுவிலும் வாசிக்க முதல் பேஸ் கிற்றார் வாங்கப் போகிறாராம். ஸ்குயர் அஃபினிட்டி பிஜே, யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் 200, இந்த மூன்றில் எது நல்லது? கனடாவில் இருக்கும் அண்ணா நல்ல பிக்அப் செட் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்கள்) ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார், வாங்கின கையோடு மாற்றிவிடலாமா?

தம்பி, அண்ணாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்ன மூன்றிலும் பிக்அப் அமைப்பு ஒன்றுதான். நடுவில் இரண்டு துண்டாகப் பிரிந்த பி பிக்அப், கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒற்றை ஜே பிக்அப். ஃபெண்டர் 1957இல் கொண்டுவந்த அந்த இரண்டு துண்டு அமைப்பில் ஒரு பாதியின் சுற்றும் காந்தமும் மற்றப் பாதிக்கு எதிர்மாறாக இருப்பதால், மின்சாரத்திலிருந்து வரும் இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். ஜெனரேட்டரும் அலங்கார விளக்குகளும் ஓடுகிற திருவிழா மேடையில் இதன் அருமை தெரியும். ஜே பிக்அப்பை மட்டும் திறந்தால் இரையும், அது பிழை இல்லை, ஒற்றைச் சுருளின் குணமே அதுதான். மூன்றிலும் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். ஃபிரெட், அதாவது விரல் வைக்கும் பக்கத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள், அஃபினிட்டியில் 20, ஐபனெஸில் 22, யமஹாவில் 24. மேலே ஏறி சோலோ வாசிக்கும் ஆசை இல்லையென்றால் 20 தாராளம். ஐபனெஸில் பேஸ் ஒலியைத் தூக்கிக் கொடுக்க 9 வோல்ட் பட்டரி இருக்கிறது, வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றாமல் விட்டால் அது தீர்ந்துகொண்டே இருக்கும். மற்ற இரண்டுக்கும் பட்டரி வேண்டாம், அதனால் நானாக இருந்தால் அந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பேன்.

அந்த இரண்டில் எது என்று கேட்டால், நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து, நேராக இருப்பது எதுவோ அது. இந்த விலையில் ஒரே மொடலிலேயே ஒன்று நல்லதாகவும் அடுத்தது சுமாராகவும் வரும், பெயரைப் பார்த்து எடுக்கிற சாமான் இல்லை இது. யாழ்ப்பாணமோ கொழும்போ, கடையிலோ பழையதாகவோ, பொடி (உடல்) பக்கமிருந்து நெக்கை நீளவாக்கில் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். முறுக்கியிருந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம். வளைந்திருந்தால் பயமில்லை, ஆனால் வளைவைச் சரிசெய்ய நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ரொட் திரும்புகிறதா என்று விற்பவரைக் கொண்டே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் எல்லா ஃபிரெட்டையும் ஒன்று விடாமல் அமத்தி வாசியுங்கள், அவசரப்படுத்துகிற கடைக்காரரைக் கணக்கெடுக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான இடம். வன்னியில் சோளகம் அடிக்கிற மாதங்களில் மரம் காய்ந்து கிடக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரத்தைக் குடிக்கும். நெக் எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் மாறும், ஆனால் அசையும் என்பது நிச்சயம். அதனால் வருசத்துக்கு இரண்டு தடவையாவது நீங்களே செட் பண்ணப் பழக வேண்டும். கம்பிகளை ஈ, ஏ, டி, ஜி என்று சரியாக டியூன் பண்ணிவிட்டு, ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் நெக் பொடியோடு சேரும் இடத்திலும் அமத்துங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர், ஒரு விசிற்றிங் காட் நுழைகிற அளவு இருக்கலாம். கூட இருந்தால் ரொட்டை வலப்பக்கமாக இறுக்குங்கள், இடைவெளியே இல்லாமல் கம்பி அடித்தால் இடப்பக்கமாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. பொருந்தாத அலன் கீயால் திருகித் துளையைத் தின்னவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு.

நெக் சரியான பிறகுதான் பிரிட்ஜில் கம்பியின் உயரம். 17ஆவது ஃபிரெட்டில் ஈ கம்பி 2.4, ஜி கம்பி 2 மில்லிமீற்றர் என்று தொடங்கி, உங்கள் கைப் பலத்துக்கு ஏற்றமாதிரி மாற்றுங்கள். கடைசியாக 12ஆவது ஃபிரெட்: அமத்தின சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கை (அமத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் சுரம்) விட உயர்ந்தால், பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கும் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், தாழ்ந்தால் முன்னுக்கு. இந்த ஒழுங்கை மாற்றினால் எல்லாம் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

அண்ணாவிடம் கேட்க வேண்டியது 45–105 தடிப்புக் கம்பி இரண்டு செட், அளவான அலன் கீ, கிளிப் டியூனர், ஒட்டுகிற செப்புத் தாள். பழைய பாட்டுக்காரர்களோடு வாசிப்பதென்றால் ஒரு செட் ஃபிளாட்வூண்ட் (மேல் மழமழப்பான கம்பி), அந்த மொத்தமான டும் என்ற ஒலி பிக்அப்பில் பாதி, கம்பியில் பாதி. செப்புத் தாளைப் பிக்அப் குழியிலும் கொன்ட்ரோல் குழியிலும் இடைவெளியில்லாமல் ஒட்டி, பூமி வயரோடு இணைத்தால் ஜேயின் இரைச்சல் குறையும். முழுக்கப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இதெல்லாம் செய்து ஒரு மாரியும் கழிந்த பிறகும் ஒலி பிடிக்கவில்லையென்றால் பிக்அப் மாற்றுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

இன்னொன்று, சாதாரணக் கிற்றார் அம்ப்ளிஃபயரிலோ வீட்டு செற்றிலோ சத்தமாகப் போட்டால் ஸ்பீக்கர் கிழியும். மேடையில் டிஐ பெட்டி (கிற்றார் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றுவது) வழியாக மிக்ஸருக்குக் கொடுங்கள். ஏ9 வீதியில் மத்தியான வெயிலில் வான் கூரையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், டிரம்ஸைக் கூரைக்கு ஏற்றிவிட்டுக் கிற்றாரை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.